உப்புத் தின்ற ஸ்பிரிங்

21 ஜனவரி 2023, சனி

காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது தெருமுனை வேகத்தடையில் இடது முன்சக்கரத்துப் பக்கமிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டினால் வருமே, அது மாதிரி. ரேடியோவை அணைத்துவிட்டு வண்டியைத் திருப்பி, அதே வேகத்தடையில் இன்னொரு முறை ஏற்றி இறக்கினேன். மறுபடியும் 'டிங்'. மூன்றாவது முறை போனபோது எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். போதும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வண்டி 2004-ஆம் வருஷத்து மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே சீட்டு, மடக்குக் கூரை, தரையோடு தரையாக உட்காரும் உயரம். "சோப்பு டப்பா" என்பாள் மனைவி. இங்கிலாந்தில் கவென்ட்ரிக்கு வந்த ஐந்தாம் வருஷம் ஆசைப்பட்டு வாங்கியது. அடுத்த மாதம் 8-ஆம் தேதி எம்.ஓ.டி. என்ற வண்டித் தகுதிச் சோதனை. மூன்று வயது தாண்டிய கார்களை இங்கே வருஷத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டியாக வேண்டும்.

சமதரையில் நிறுத்தி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் நாலு விரல் நுழைகிறது. இடப்பக்கம் மூன்றுதான்.

ஜாக் போட்டுச் சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்தால் முதலில் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் ஒரே சேறு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்த பிறகு, ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் சாய்வாக ஒரு பழுப்புக் கோடு. மயிர்க்கோடுதான். ஆனால் ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பியதும் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த முக்கால் சுற்றுக் கம்பி தனியாக அசைந்தது. உடைந்தும் கீழே விழாமல், ஸ்பிரிங்கைத் தாங்கும் கிண்ணத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. 'டிங்' போட்டவன் இவன்தான்.

22 ஜனவரி, ஞாயிறு

வண்டியைச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பத்தொன்பது குளிர்காலம் உப்பில் ஊறிய கம்பி அது.

இங்கே உறைபனி வரும் இரவுகளில் லாரி வைத்து ரோட்டில் கல்லுப்பை இறைப்பார்கள். நம்மூர் உப்பளத்து வெள்ளை உப்பு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். களிமண் கலந்து செங்கல் பொடி நிறத்தில் இருக்கும். அதில் நிறைய செஷயரில் வின்ஸ்ஃபோர்ட் என்ற ஊரின் அடியிலிருந்து வருகிறது. 1844-இல் தோண்டத் தொடங்கினார்கள். இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் காய்ந்துபோன கடல். அந்தக் கடல்தான் என் சக்கரத்துக்குள் சேறாக ஒட்டியிருக்கிறது.

ஸ்பிரிங்குக்கு மேலே கெட்டியான பூச்சு உண்டு. ஆனால் கடைசிச் சுற்று கிண்ணத்தில் உட்காரும் இடத்தில் மண்ணும் பொடிக்கல்லும் சேர்ந்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் உரசி உரசிப் பூச்சைத் தின்றுவிடும். அங்கே உப்புத்தண்ணீர் நிற்கும், துரு ஊசிமுனை அளவுக்கு ஒரு பள்ளம் தோண்டும். விசையெல்லாம் அந்தப் பள்ளத்தில் கூடிக்கூடி விரிசல் ஆரம்பிக்கும். மென்மையான இரும்பாக இருந்தால் வளைந்து கொடுக்கும். இது ஸ்பிரிங் எஃகு, வளைவதெல்லாம் இல்லை. ஒருநாள் படக்கென்று போய்விடும்.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விலை கேட்டேன். ஸ்பிரிங் விலையைப் போல நான்கு மடங்கு கூலி சொன்னார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டப் போவது அவர்கள் அல்லவா. சரி, நாமே பார்த்துவிடலாம் என்று சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஸ்பிரிங் ஜோடியாக ஆர்டர் போட்டேன். ஒற்றையாக மாற்றினால் புதுசு நிமிர்ந்தும் பழசு தொய்ந்தும் வண்டி கோணலாக நிற்கும்.

25 ஜனவரி, புதன்

ஆபீஸ் விட்டு வந்து எல்லா போல்ட்டுக்கும் எண்ணெய் விட்டேன். கியர் ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்த கஷாயம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிற சிவப்பு எண்ணெய்தான் இதற்குச் சரி. குலுக்கிக் குலுக்கி விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் பிரிந்துவிடும். நெருப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

மாமாவுக்குப் போன் போட்டேன். சங்ககிரியில் முப்பது வருஷம் லாரிப் பட்டறையில் இருந்தவர்.

"மாப்ளே, லாரியில பட்டை பட்டையா அடுக்கியிருக்கும். ஒண்ணு ரெண்டு ஒடிஞ்சாலும் வண்டி வீடு வந்து சேர்ந்துரும். உன்னுதுல இருக்கறதே ஒரே கம்பி. அதை அமுக்கி வெச்சுக் கழட்டறப்ப நேருக்கு நேரா நிக்காத."

"ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கற கம்ப்ரெசர் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட இருக்குதுங்க மாமா."

"இரவல் வாங்காத. எவன் எத்தனை தடவை எப்படி முறுக்குனானோ. மரை தேஞ்சிருந்தா உனக்கு எப்படித் தெரியும்? புதுசு வாங்கு."

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர் அமுக்க 30 நியூட்டன் தேவை என்று வைத்துக்கொண்டால், 10 சென்டிமீட்டர் அமுக்கிய ஸ்பிரிங் கிட்டத்தட்ட 300 கிலோ பாரத்தோடு திமிறிக்கொண்டிருக்கும். உள்ளே அடங்கியிருப்பது 150 ஜூல். பதினைந்து கிலோ அரிசி மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கால் மேல் போட்ட மாதிரி, ஆனால் எந்தத் திசையில் வரும் என்று சொல்ல முடியாத மூட்டை. புது கம்ப்ரெசரே வாங்கிவிட்டேன்.

28 ஜனவரி, சனி

ஸ்பிரிங்கில் கையே வைக்கவில்லை. நாள் முழுக்க ஒரு போல்ட்டோடு போயிற்று.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, வண்டியை இடுப்பால் இடித்துப் பார்த்து ஆடவில்லை என்று உறுதி செய்தேன். (ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுப்பவர்கள் தயவுசெய்து இதோடு படிப்பதை நிறுத்திவிட்டு ஸ்டாண்ட் வாங்கப் போகவும்.) ஸ்பிரிங் சுற்றியிருக்கும் ஷாக் அப்சார்பரின் தலையைப் பானெட்டுக்குள் பிடித்திருக்கும் இரண்டு 14 மி.மீ. நட்டும் வெண்ணெயாக வந்தன. வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஆன்டி-ரோல் பாரின் லிங்க்கை இரண்டு பக்கமும் பிரித்தேன். அதிலும் பெரிய தொல்லை இல்லை.

அப்புறம் அடி போல்ட். ஷாக் அப்சார்பரின் கீழ்க் காதை, சக்கரத்தைத் தாங்கும் கையான விஷ்போனோடு கோர்க்கிற போல்ட் அது. நட்டு கழன்றது. போல்ட்டைத் திருப்பினால் திரும்புகிற மாதிரி இருக்கிறது, கையை எடுத்தால் பழைய இடத்துக்கே சுழன்று வருகிறது. பத்து நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது: திரும்பியது போல்ட் இல்லை, ரப்பர். அந்தக் காதுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷுக்கு நடுவே உள்ள இரும்புக் குழாயும் போல்ட்டும் துருவில் ஒட்டி ஒரே உடம்பாகிவிட்டன. நான் ரப்பரை முறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

மரை நசுங்காமல் இருக்க நட்டைப் பாதி திருகி வைத்து அதன் மேல் சுத்தியலால் அடித்தேன். அசையவில்லை. கேஸ் டார்ச் பிடிக்கலாம் என்றால், ரப்பர் கருகும், போதாததற்குப் புதன்கிழமை ஊற்றிய அசிட்டோன் வேறு. கை வைக்கவில்லை. முன்னும் பின்னும் திருப்பி, கஷாயம் விட்டு, மறுபடி திருப்பி... நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. விரலில் உணர்ச்சி இல்லை.

"ஏனுங்க, இன்னும் அந்த ஆணிதானுங்களா?" என்று மனைவி டீயோடு வந்தாள்.

"போல்ட்டு."

"சரிங்க, போல்ட்டு."

29 ஜனவரி, ஞாயிறு

ராத்திரி முழுக்க ஊறியதில் போல்ட்டுக்கு மனசு மாறியிருக்கிறது. காலையில் நாலாவது அடியில் சத்தம் மாறியது. முதலில் 'டொக் டொக்' என்று மொக்கையாக இருந்தது, திடீரென்று 'டங்'. போல்ட் ஒரு நூல் நகர்ந்தது. அதற்கப்புறம் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டித் தட்டி வெளியே எடுத்தேன். நடுப்பகுதி அரித்து இடுப்புச் சிறுத்துப்போயிருந்தது. இதைத் திரும்பப் போடக் கூடாது. நல்லவேளையாகப் புது போல்ட் இரண்டு சேர்த்தே வாங்கியிருந்தேன்.

ஷாக்கை வெளியே எடுக்கக் கீழ் விஷ்போன் இன்னும் கொஞ்சம் தாழ வேண்டும். நீளக் கம்பி ஒன்றை நெம்புகோலாகக் கொடுத்து மனைவியை அதன் மேல் ஏறி நிற்கச் சொன்னேன். "எவ்வளவு நேரம் நிக்கறதுங்க?" என்று மூன்று முறை கேட்டாள். பிரேக் ஹோஸ் இழுபடாமல் ஒரு கண் வைத்துக்கொண்டே ஷாக்கைச் சாய்த்து உருவி எடுத்தேன்.

இனிதான் கம்ப்ரெசர். கொக்கி இரண்டையும் எதிரெதிராக, உடைந்த சுற்றைத் தொடாமல் நல்ல சுற்றுகளில் மாட்டினேன். இந்தப் பக்கம் நாலு சுற்று, அந்தப் பக்கம் நாலு சுற்று என்று ராட்செட்டால் மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு பக்கமே முறுக்கினால் ஸ்பிரிங் வாழைத்தண்டு மாதிரி வளைந்துகொண்டு கொக்கியைத் துப்பிவிடும். பழைய கம்பளி ஒன்றை மேலே சுற்றி வைத்தேன். அது ஸ்பிரிங்கைத் தடுக்காது, என் பயத்தைத்தான் கொஞ்சம் மூடியது. மேல் தட்டு கையால் சுழலும் அளவுக்குத் தளர்ந்த பிறகே நடு நட்டில் கை வைத்தேன். முகத்தை ஓரமாகத் திருப்பிக்கொண்டு. மூச்சு விட்டேனா என்று நினைவில்லை.

நட்டு சாதுவாகக் கழன்று வந்தது.

உள்ளே ஷாக் அடியோடு முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப், பழைய பஞ்சு மெத்தை மாதிரி கையில் உதிர்ந்தது. புதுசு போட்டேன். புது ஸ்பிரிங்கை அமுக்கி, கடைசிச் சுற்றின் முனை கிண்ணத்தில் இருக்கும் படியில் முட்டி நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, பழைய தட்டில் சாக்பீஸால் போட்டிருந்த கோட்டுக்கு நேராக மேல் தட்டை வைத்து முடுக்கினேன். ஸ்பிரிங் மாற்றும் வேலை என்று பார்த்தால் இவ்வளவுதான், இருபத்தைந்து நிமிஷம்.

அடி போல்ட்டை மட்டும் சக்கரம் தொங்கும்போது முடுக்கவில்லை. ஜாக்கை விஷ்போனுக்கு அடியில் கொடுத்து, வண்டி ஸ்டாண்டை விட்டு லேசாக எழும்பும் வரை தூக்கிவிட்டுத்தான் இறுக்கினேன். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், ஒரு வருஷத்தில் கிழியும். நேற்று ரப்பரை அவ்வளவு முறுக்கியவன் சொல்கிறேன்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு, உடைந்த துண்டை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். முறிவு நேர்வெட்டாக இல்லை, கிட்டத்தட்ட 45 டிகிரி சாய்வு. சுருள் அமுங்கும்போது கம்பி உண்மையில் முறுக்கப்படுகிறது, அதனால் இந்தச் சாய்வு. முகத்தின் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பகுதி கறுத்துத் துருவேறியிருக்கிறது. மீதி முகம் துரு பழகாத சாம்பல் நிறம், சர்க்கரை மாதிரி பொடிப்பொடியாக மினுங்குகிறது. கறுப்பு நகம் மெதுவாக வளர்ந்த பழைய விரிசல். அது எத்தனை மாதமாகவோ உள்ளே இருந்திருக்கிறது, நான் அதன் மேல் ஏறி ஊர் சுற்றியிருக்கிறேன். மினுங்குவது ஒரே நொடியில் போனது.

4 பிப்ரவரி, சனி

வலப்பக்கம். இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. அடி போல்ட் சும்மா வந்தது. எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

சக்கர நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக 110 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கி, தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து முடுக்கின அளவைச் சரிபார்க்க மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்தேன். வேகத்தடையில் சத்தம் இல்லை. எதிர்வீட்டுப் பாட்டி இந்த முறை கையசைத்தார்.

5 பிப்ரவரி, ஞாயிறு

இரண்டு பக்கமும் நாலரை விரல். புது ஸ்பிரிங் இன்னும் படியவில்லை. முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கொஞ்ச நாள் ஓடினால் இறங்கும்.

8 பிப்ரவரி, புதன்

எம்.ஓ.டி. பாஸ். சோதனை செய்தவர் முன்பக்கத்தைப் பார்த்து "புதுசா?" என்றார். "நானே மாற்றினேன்" என்று சொல்லக் காத்திருந்தவன்போல் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே பின்பக்கம் போய்விட்டார்.

தாளில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்: பின் ஸ்பிரிங் இரண்டிலும் துரு. இப்போதைக்குத் தோல்வி இல்லை, கவனித்துக்கொள்ளவும்.

மாமாவுக்கு உடைந்த துண்டின் படத்தை அனுப்பினேன். "வீசிராத மாப்ளே. அருமையான எஃகு. வரும்போது எடுத்துட்டு வா, உளி அடிச்சுத் தர்றேன்" என்று பதில் வந்தது. துண்டைத் தராசில் வைத்துப் பார்த்தேன். மனைவி ஊருக்குக் கொண்டுபோகும் சாமான் பட்டியலில் ஏற்கெனவே இடமில்லை. சரி, கேட்டுப் பார்க்கிறேன். பின்பக்கத்துப் போல்ட்டுகளுக்கு இன்றைக்கே கஷாயம் விட்டாயிற்று.