கவனக்குறைவு என்று எழுதிய பிறகு

விபத்து அறிக்கைகளில் காரணத்துக்கான கட்டத்தில் ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று எழுதியிருப்பதைப் படித்துப் படித்தே மனிதக் காரணிகள் ஆய்வில் (மனிதரின் இயல்புக்கேற்பக் கருவிகளையும் சூழலையும் அமைப்பது பற்றிய துறையில்) என் பணிக்காலம் கழிந்திருக்கிறது. அதை எழுதுபவர்மேல் எனக்கு மனக்குறை இல்லை. வழக்குக்கு ஒரு பொறுப்பாளி வேண்டும். ஆனால் அதே இடத்தில் அடுத்த விபத்தைத் தடுக்க நினைப்பவருக்கு அந்தச் சொல்லால் பயனில்லை. 1947-இல் அமெரிக்க உளவியலாளர்களான பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் ‘விமானியின் பிழை’ எனப்பட்ட 460 நிகழ்வுகளை ஆராய்ந்து, ஒரு நெம்புகோலை மற்றொன்றாக எண்ணிக் கையாண்டதே அவற்றில் மிகுதி என்று காட்டினார்கள். விமானியைத் திட்டுவதை விட்டு நெம்புகோலின் வடிவை மாற்றலாம் என்ற அந்த எண்ணம் சாலைத் துறையில் இன்னும் அரைமனதாகவே ஏற்கப்படுகிறது.

திறந்த வெளியில் இரு சாலைகள் குறுக்கிடும் சந்திப்புகளில், மரமோ கட்டடமோ மறைக்காத பட்டப்பகலிலும் காரும் மோட்டார் சைக்கிளும் மோதிக்கொள்கின்றன. ‘பார்த்தேன், யாரும் வரவில்லை’ என்று கார் ஓட்டுநர் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் இரு வாகனங்களும் வேகம் மாறாமல், ஒரே நேரத்தில் சந்திப்பை அடையும்படி வரும்போது, ஓட்டுநரின் கண்ணுக்கு மற்ற வாகனம் தெரியும் திசை கடைசிவரை மாறுவதே இல்லை. அந்தத் திசையில் முன்கண்ணாடியின் ஓரத் தூண் அமைந்துவிட்டால், மோதும் கணம்வரை அது மோட்டார் சைக்கிளை மறைத்துக்கொண்டே வரும். பயணிகள் கார்களுக்கான ஐ.நா. 125ஆம் எண் ஒழுங்குமுறை ஒரு தூணுக்கு 6 பாகை வரை மறைப்பை அனுமதிக்கிறது. 50 மீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய 5 மீட்டர் அகலம். தூணைத் தடிமனாக்கியவர்களையும் குறை சொல்ல முடியாது. கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவது அதுதான்.

ஓட்டுநர்களை ஆராயச் சாலையில் ஓட்டுவதுபோன்ற சூழலை உருவாக்கும் சிமுலேட்டர்களில், மேசைமேல் திரைகளை வைத்து அமைக்கும் எளிய வகையில் இந்தத் தூணே இல்லை என்பதால், அங்கே எல்லோரும் நல்ல ஓட்டுநர்களாகிவிடுகிறார்கள். உண்மையான கார் அறையைப் பொருத்திய சிமுலேட்டருக்குச் செலவு ஏன் என்று நிதிக் குழுவினர் கேட்கும்போதெல்லாம் நான் இதைத்தான் சொல்வேன்.

ஓட்டுநர் தலையைச் சற்று முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் போதும் என்பது உண்மையே. எனினும் என் பரிந்துரைகளில் அதைக் கடைசியாகவே எழுதுகிறேன். நேர்ச்சந்திப்பை இரண்டு முச்சந்திகளாகப் பிரிப்பதும், கிளைச்சாலையில் வருபவர் நின்றே ஆக வேண்டும் என்று விதிப்பதும் அதற்கு முன் இடம்பெறும்.