சுண்ணாம்புக் குகையில் ஒயின்: நிலவறைக் குறிப்புகள்

பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில், தூர் நகருக்குக் கிழக்கே வூவ்ரே பக்கம் குடியிருக்கிறோம். இங்கே பல பழைய வீடுகளுக்குப் பின்சுவரே குன்றுதான். துஃபோ என்னும் மெத்தென்ற சுண்ணாம்புக் கல்லை வெட்டி எடுத்து இந்தப் பகுதியின் மாளிகைகளைக் கட்டினார்கள். வெட்டிய பள்ளங்கள் குகைகளாக நின்றுவிட்டன. சிலவற்றில் காளான் வளர்க்கிறார்கள், சிலவற்றில் ஒயின் வைக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு சின்னக் குகை வாய்த்தது. அதை ஒயின் முதிர வைக்கும் நிலவறையாக மாற்றி வருகிறேன்.

முதலில் அலமாரி வாங்கவில்லை, வெப்பமானிதான் வாங்கினேன். குறைந்த அளவையும் கூடிய அளவையும் நினைவில் வைத்துக்கொள்ளும் வகை. அதன் உணர்முனையைக் காற்றில் தொங்கவிடாமல், தண்ணீர் நிரப்பிய ஒரு ஒயின் பாட்டிலுக்குள் இறக்கி வைத்தேன். கதவைத் திறந்தவுடன் காற்றின் சூடு மாறிவிடும். பாட்டிலுக்குள் இருக்கும் திரவம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. நமக்கு வேண்டியது அந்தத் திரவத்தின் கணக்குதானே.

குளிர்காலத்தில் 11 டிகிரி, கோடை முடியும்போது 14 டிகிரி. ஒயினுக்கு 12, 13 டிகிரி உகந்தது என்பார்கள். மாதக்கணக்கில் மெல்ல ஏறி இறங்கும் இந்த மூன்று டிகிரியால் கெடுதல் இல்லை. பகலில் சூடேறி இரவில் ஆறும் இடம்தான் ஆகாது. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை அழுத்தும், ஆறும்போது சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இதே கதை நாள்தோறும் நடந்தால் எவ்வளவு நல்ல ஒயினும் சீக்கிரம் சோர்ந்துவிடும். சமையலறையில் குளிர்பெட்டியின் தலைமேல் பாட்டில் அடுக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

ஈரம்தான் இங்கே பெரிய விஷயம். ஈரப்பதம் 60 முதல் 75 சதவீதம் இருந்தால் போதும். துஃபோ குகையில் அது 85க்கு மேல் நிற்கிறது. கார்க் காயாது என்பதால் ஒயினுக்கு இதில் தொல்லை இல்லை. ஆனால் லேபிளில் பூஞ்சை படர்கிறது, அட்டைப்பெட்டி ஊறி நைந்துபோகிறது. அட்டையை முழுக்க வெளியேற்றிவிட்டேன். ஒவ்வொரு பாட்டிலுக்கும் லேபிளைச் சுற்றி, சமையலறையில் உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒரு சுற்று சுற்றினேன். காற்றுத் துவாரத்தைக் குளிர்காலத்தில் மட்டும் திறக்கிறேன். வெளியிலிருந்து வரும் குளிர்ந்த காற்றில் நீராவி குறைவு. அது உள்ளே வந்து ஈரத்தை வாங்கிக்கொண்டு போகும். கோடையில் திறந்தால் வெளியே இருக்கும் வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த சுவரில் பட்டு, நீராகக் கோத்துக்கொண்டு நிற்கும்.

பூஞ்சையைக் கண்டதும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேய்க்கத்தான் எல்லோருக்கும் கை போகும். நிலவறையில் அது கூடவே கூடாது. குளோரின், மரம், பூஞ்சை மூன்றும் சேர்ந்தால் டிசிஏ என்ற பொருள் உண்டாக வழியாகும். சில ஒயினில், நனைந்த அட்டையின் வாடை அடிப்பது அதனால்தான். மிகமிகச் சிறிய அளவு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். கார்க்கிலேயே அது ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. வெறும் தண்ணீரும் தூரிகையும் கொண்டே சுவரைத் துடைத்தேன்.

மற்றவை சுலபம். வண்ணம் பூசாத மர அலமாரி. பாட்டில்கள் படுத்த நிலையில், கார்க் எப்போதும் நனைந்திருக்கும்படி. விளக்கு, தேவைப்படும்போது மட்டும். வாசனை வீசும் எதுவும் உள்ளே வரக்கூடாது என்பதில் நான் கண்டிப்பு. ஊரிலிருந்து வரும் கருவாடும் மசாலாப் பொடிகளும் மேலே சமையலறையோடு சரி.

இனி எதை வைப்பது என்ற கேள்வி. கடையில் கிடைக்கும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளுக்குள் குடிக்கவே செய்யப்படுகிறது. அந்த ஆண்டு அறுவடையிலேயே செய்து நவம்பர் மூன்றாம் வியாழனன்று வெளியாகும் பொஜோலே நூவோ என்ற இளம் ஒயினை நிலவறையில் வைத்து ஒரு பயனும் இல்லை. புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று வலுவாக இருந்தால்தான் ஒயின் காலத்தைத் தாங்கும். வூவ்ரேயின் ஷெனான் திராட்சைக்குப் புளிப்பு இயல்பிலேயே அதிகம். கொஞ்சம் இனிப்பும் சேர்ந்துவிட்டால் வெள்ளை ஒயினே பல பத்தாண்டுகள் நிற்கும். பக்கத்து ஷினோனில் சிவப்பு ஒயின். ஆற்றோரச் சரளை மண்ணில் விளைந்ததைச் சீக்கிரம் குடிக்கலாம், சுண்ணாம்புச் சரிவில் விளைந்தது காத்திருக்கும். ஆகவே சரிவிலிருந்து வந்ததையே தேடி வாங்குகிறேன்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: ஒரே ஒயினை ஆறு பாட்டிலாக வாங்குங்கள். வகைக்கு ஒன்றாக நிறைய வாங்கினால் எதன் வளர்ச்சியும் நமக்குத் தெரியாது. ஆறில் ஒன்றை இடைவெளி விட்டு விட்டுத் திறந்து, நிறம், மணம், சுவை மூன்றையும் நோட்டில் எழுதி வருகிறேன். 2015ஆம் ஆண்டு வூவ்ரே தெமி செக் (அரை இனிப்பு வகை) இளமையில் பேரிக்காய் மணத்தோடு இருந்தது, இனிப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. அப்புறம் ஒரு கட்டத்தில் மணமே அடங்கிவிட்டது. கெட்டுவிட்டதோ என்று நினைக்க வைக்கும் கட்டம் அது. பல நல்ல ஷெனான் ஒயின்கள் இதைக் கடந்துதான் வரும் என்று இப்பகுதித் தோட்டக்காரர்கள் சொல்வார்கள். கடைசியாகத் திறந்த பாட்டிலில் தேன், தேன்மெழுகு, வாதுமை மணம். இனிப்பு குறைந்தது போல இருந்தது. சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது, மற்றச் சுவைகளோடு கரைந்து ஒன்றாகிவிட்டது. குடித்தபோது இத்தனை பாடும் இதற்குத் தகும் என்று தோன்றியது.

ஷினோன் பாட்டில்களில் ஊதா நிறம் செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருக்கிறது. துவர்ப்புத் தரும் டானின்கள் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து அடியில் படிகின்றன. வாயில் உரசல் குறைகிறது. திறப்பதற்கு முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, கழுத்துக்குக் கீழே விளக்கைப் பிடித்தபடி மெல்ல வேறு குடுவைக்கு ஊற்றினால் வண்டல் பின்தங்கிவிடும்.

அடுத்ததாக, 2018 ஷினோன் ஒன்றை 750 மில்லி பாட்டிலிலும் ஒன்றரை லிட்டர் மாக்னமிலும் வாங்கி அருகருகே படுக்க வைத்திருக்கிறேன். கழுத்தில் தங்கும் காற்று இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒயினோ மாக்னமில் இரண்டு மடங்கு. அதனால் மாக்னம் நிதானமாக முதிரும். எவ்வளவு நிதானம் என்பதை என் நாக்கிலேயே பார்த்துவிட வேண்டும். 2030க்கு முன் இரண்டையும் தொடுவதாக இல்லை.