நியூயார்க்கில் லேண்ட்மார்க் வீடு: அனுமதி வாங்கும் வழி

பாதுகாக்கப்பட்ட பகுதியில் வீடு வாங்கியவர்களுக்கு வரும் முதல் பயம், "எல்லாவற்றையும் பழையபடி மாற்றச் சொல்வார்களோ" என்பது. சொல்லமாட்டார்கள். முறையாக இருப்பது அப்படியே இருக்கலாம். கை வைத்தால்தான், பழமையான கட்டடங்களைப் பாதுகாக்கும் நகர அமைப்பான லேண்ட்மார்க்ஸ் கமிஷன் வரும். பென் ஸ்டேஷன் என்ற பழைய ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கியபோது கிளம்பிய கோபம், 1965-இல் சட்டமாகி அவர்களுக்கு இந்த அதிகாரத்தைத் தந்தது.

உடைந்த கண்ணாடியை மாற்ற, அதே நிறத்தில் பெயின்ட் அடிக்க யாரையும் கேட்க வேண்டாம். உள்ளே பிளம்பிங், சுவர் மாற்றம் என்று கட்டடத் துறை பெர்மிட் தேவைப்படும் வேலை, வெளித்தோற்றத்தைத் தொடாது என்றால் 'பாதிப்பில்லை' சான்றிதழ் போதும். ஜன்னல் மாற்றுவது, முகப்பைப் பழுதுபார்ப்பது போன்றவற்றுக்குச் சிறுவேலை அனுமதி. இரண்டையும் ஊழியர்களே முடித்துக் கொடுப்பார்கள். விதிகளுக்குள் அடங்காத பெரிய மாற்றம், உதாரணமாகத் தெருவிலிருந்து நன்றாகத் தெரியும் கூடுதல் மாடி, என்றால் பொது விசாரணைதான். அதற்கு முன் சமூக வாரியம், அதாவது அந்த வட்டாரத்தின் ஆலோசனைக் குழு, கருத்து சொல்லும். அது ஆலோசனை மட்டுமே, தீர்ப்பு கமிஷனின் ஆணையர்கள் கையில். மாடியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, உயரத்தைக் குறைத்து விசாரணையைத் தவிர்க்க முடியுமானால், தயங்காமல் தவிர்த்துவிடுங்கள்.

விண்ணப்பம் தேங்குவது பெரும்பாலும் காகிதத்தால். ஜன்னலுக்கு கம்பெனி பிரோஷரை மட்டும் இணைத்தால் திரும்பி வரும். முகப்பு முழுதும் தெரியும் போட்டோ, ஒரு ஜன்னலின் நெருக்கப் போட்டோ, இப்போதைய ஜன்னல் சட்டத்துக்கும் (ஃபிரேம்) புதியதற்கும் அளவோடு குறுக்குவெட்டு வரைபடம் ஆகியவை வேண்டும். கண்ணாடிப் பிரிவு, திறக்கும் விதம், சட்டத்தின் தடிமன், நிறம் என ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

செங்கல் பாயிண்டிங்கில்தான், அதாவது செங்கல் இடுக்கிலுள்ள பழைய கலவையை எடுத்துப் புதிது நிரப்புவதில்தான், காண்ட்ராக்டர்கள் அதிகம் சொதப்புகிறார்கள். பழைய செங்கல் மென்மையானது. இடுக்கில் கெட்டியான சிமென்ட் போனால், ஈரம் கலவை வழியே வெளியேற முடியாமல் செங்கலிலேயே தங்கும். பனிக்காலத்தில் அது உறைந்து விரியும். செங்கல் முகம் பெயர்ந்து விழும். சுண்ணாம்பு கூடிய மென்கலவை கேளுங்கள். பழையதை இடுக்கின் அகலத்தைப் போல் 2 முதல் 2.5 மடங்கு ஆழத்துக்குச் சுரண்டி எடுக்க வேண்டும். கிரைண்டரைச் செங்குத்து இடுக்கில் விட்டால் செங்கல் ஓரம் போய்விடும். முதலில் சின்ன இடத்தில் மாதிரி போட்டு, காய்ந்த பிறகு நிறம் பாருங்கள். ஈரத்தில் பார்த்து ஏமாறாதீர்கள்.

அனுமதியில்லாத பழைய வேலை, முந்தைய உரிமையாளர் செய்ததாக இருந்தாலும், இன்றைய உரிமையாளர் தலையில்தான் விழும். அதைச் சரிசெய்யும் வரை புது அனுமதி கிடைப்பது கஷ்டம். ஆகவே வீடு வாங்கக் கையெழுத்துப் போடும் முன் அந்த முகவரியில் விதிமீறல் நிலுவை உண்டா என்று தேடுங்கள். வேலை முடிந்ததும், அது அனுமதிப்படி நடந்தது என்று கமிஷன் தரும் 'இணக்க அறிவிப்பு' கேட்டு வாங்குங்கள். விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் அதைத்தான் கேட்பார்.