மாலைதீவுக் கடலில் இறங்கமுதல் பாசிக்குடாவில்

மாலைதீவில் கடல்சார் தொண்டுப் பணிக்கு இடம் கிடைத்ததும் மட்டக்களப்புப் பிள்ளைகள் விசாவுக்கும் விமானச்சீட்டுக்கும்தான் ஓடித்திரிகிறார்கள். ஆனால் போன முதல் வாரத்தை வீணாக்குவது ஆழத்தில் வலிக்கும் காதும், தண்ணீர் கசியும் முக்குளிப்பு மாஸ்க்கும். இரண்டையும் இங்கேயே பழக்கிக்கொண்டு போகலாம், காலம் பார்த்து. வாடைக்காற்று எழும்பினால் நம்மூர்க் கடல் கலங்கிவிடும். தை மாதம் பணி தொடங்குகிறவர் ஆவணியிலேயே பாசிக்குடாவில் இறங்கிவிட வேண்டும்.

மாஸ்க் வாங்கும்போது பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். கையை எடுத்தும் விழாமல் ஒட்டி நின்றால் அளவு சரி. புதுக் கண்ணாடியின் உட்பக்கம் ஒரு மெல்லிய படலம் இருக்கும். பற்பசை போட்டு விரலால் நாலைந்து தரம் தேய்த்துக் கழுவாவிட்டால் ஆவி படிந்துகொண்டே இருக்கும். மீசை வைத்தவர்கள் மூக்குக்குக் கீழே ஒரு கீற்று மழித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கசிவது அதன் வழியாகத்தான்.

காதில் அவசரம் கூடாது. மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுவதை வலி வரமுதலே, கீழே இறங்கும் ஒவ்வொரு மீற்றருக்கும் செய்ய வேண்டும். வலித்தால் கொஞ்சம் மேலே வாருங்கள். ஊதி அடிக்காதீர்கள், செவிப்பறை கிழியலாம். தடிமன் என்றால் அன்றைக்குக் கடல் வேண்டாம்.

அங்கே முருகைக்கல் (பவளப்பாறை) எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்ற கணக்கெடுப்பில் உங்களை விடுவார்கள். அதற்கு அரை அங்குல எஸ்லோன் (பிவிசி) பைப்பில் 50 சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒன்று கட்டிப் பழகுங்கள். நாலு துண்டு, நாலு எல்போ. பைப்பில் துளை போட மறந்தால் காற்று அடைபட்டு மிதக்கும். 10 சென்ரிமீற்றருக்கு ஒரு நூலாகக் குறுக்கும் நெடுக்கும் கட்டினால் 25 கட்டம், ஒரு கட்டம் சதுரத்தின் பரப்பில் 4 வீதம். முதலில் வளவுப் புல்லில் வைத்து, எத்தனை கட்டத்தில் புல் என்று எண்ணுங்கள். கடலில் மணலில் மட்டும் வையுங்கள், உயிருள்ள கல்லில் வைத்தால் முறியும். கண் பழக வேண்டியது இன்னொன்றும் உண்டு: வெளிறிய கல் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், ஆனால் உயிர் போயிருக்காது. செத்த கல்லில் கொஞ்ச நாளில் பாசி ஏறிவிடும். இரண்டையும் ஒன்றாக எழுதினால் கணக்கே பிழை.

முருகைக்கல் கீறினால் சின்னக் காயம் என்று விடவேண்டாம். சவர்க்காரமும் நல்ல தண்ணீரும் போட்டுத் துகள் போகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் சீழ் பிடிக்கும். சூரியக் களிம்பைக் குறைத்து முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள், கல்லுக்கும் நல்லது.

பயணத்துக்கு முன் ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எந்த வகை விசா? இறங்கியதும் தருவது சுற்றுலா விசா. தொண்டுப் பணிக்கு அது போதும் என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். இரவு ரயிலை நம்பி அதே காலை விமானத்துக்குச் சீட்டுப் போடாதீர்கள். வழியில் பாதையில் யானை நிற்கும், ரயில் பிந்தும். கொழும்புக் கோட்டையில் இறங்கிக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு இன்னும் 30 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டும். முதல் நாளே போய்விடுங்கள். பவர்பேங்கைக் கைப்பையில் வையுங்கள். அங்கே கடல்விமானம் பகலில்தான் பறக்கும். பின்னேரம் மாலேயில் இறங்குகிறவர் ஒரு இரவுத் தங்கல் காசையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். திரும்பும்போது கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையில் 18 மணித்தியாலமாவது விடுங்கள்.