மகளுக்குக் கல்லூரியும் கால்பந்தும் சேர்ந்து அமைந்தது இப்படித்தான்

எங்கள் மகள் நியூஜெர்சியில் அரசுப் பள்ளி அணிக்கு லெஃப்ட் பேக் ஆடினாள். இப்போது பாஸ்டன் பக்கம் ஒரு கல்லூரியில் ஆடுகிறாள். நானும் என் கணவரும் தமிழ்நாட்டில் படித்தவர்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டா தெரியும், இங்கே கல்லூரி அணிக்குக் கோச்கள் ஆள் எடுக்கும் ரெக்ரூட்டிங் எப்படி நடக்கிறது என்பதை ஒவ்வொன்றாக விசாரித்துத்தான் தெரிந்துகொண்டோம். நன்றாகப் படிக்கும் பிள்ளை என்றால், கல்லூரி விளையாட்டை மூன்று பிரிவுகளாக நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளை முதலிலேயே பாருங்கள். எங்களுக்கு வழி திறந்தது அங்கேதான்.

அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. அதைக் கேட்டதும் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவியும், பல இடங்களில் மதிப்பெண்ணுக்குத் தரும் உதவியும் உண்டு. முதல் பிரிவில் இருக்கும் ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளும் விளையாட்டுக்குப் பணம் தருவதில்லை.

முதல் இரண்டு பிரிவுகளையும் கைவிடாமல் இருக்க, பாடத் தேர்வில் கவனமாக இருந்தோம். அவற்றுக்குப் பள்ளியில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்ற 16 கோர் பாடங்கள் வேண்டும். முதல் பிரிவுக்கு அவற்றில் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும், அந்தப் பாடங்களின் சராசரி மதிப்பெண்ணான கோர் ஜி.பி.ஏ. 4-க்கு 2.3 வேண்டும். முதல் பிரிவு கால்பந்து கோச்கள் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்குப் பிறகுதான் பிள்ளைகளுடன் ரெக்ரூட்டிங் பேசலாம். பிள்ளை அதற்கு முன்பே மெயில் போடலாம்.

மெயிலை அவளே எழுதினாள். பெற்றோர் எழுதினால் கோச்களுக்குப் பிடிக்காது, அது நியாயமும்கூட. சப்ஜெக்டிலேயே பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், ஜி.பி.ஏ. மூன்றும் இருக்கும். அடுத்த போட்டி எந்த மைதானத்தில், எத்தனை மணிக்கு, ஜெர்சி எண் என்ன என்பது உள்ளே. வீடியோ நான்கு நிமிடம். ஒவ்வொரு காட்சியும் தொடங்கும் முன் படத்தை நிறுத்தி அவளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தாள். கோல்களை மட்டும் அடுக்காமல், பந்தைப் பறிகொடுத்ததும் ஓடிவந்து தடுத்ததையும் சேர்த்தாள். பதில் எழுதிய ஒரு கோச் குறிப்பிட்டது அந்தக் காட்சியைத்தான்.

அப்புறம் வந்தது ப்ரீ-ரீட். பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில், கோச் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலையும் பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்கப்போகும் பாடங்களையும் வாங்கி அட்மிஷன் அலுவலகத்தில் காட்டுவார். இடம் கிடைக்க வாய்ப்பு எப்படி என்று அவர்கள் முன்கூட்டியே சொல்வார்கள். அது உறுதிமொழி ஆகாது. அதனால் “உங்கள் பட்டியலில் நான் எங்கே இருக்கிறேன், அட்மிஷனில் எனக்காகப் பேசுவீர்களா?” என்று அவளையே நேராகக் கேட்கச் சொன்னோம். ஒரு கோச் மழுப்பினார். இன்னொருவர் தெளிவாகச் சொன்னார், அவர் கல்லூரிக்கே எர்லி டிசிஷன் என்ற முன்கூட்டிய விண்ணப்பம் போட்டாள்.

எர்லி டிசிஷனில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். எனவே நவம்பரில் விண்ணப்பிக்கும் முன் உதவி போக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று தோராயமாகக் காட்டும் அந்தக் கல்லூரியின் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் எங்கள் வருமானத்தைப் போட்டுப் பார்த்து, கட்ட முடியும் என்று தெரிந்த பிறகே கையெழுத்துப் போட்டோம். நம் வீடுகளில் பிள்ளையின் ஆசைக்கு முன்னால் பணக் கணக்கைப் பேசக் கூச்சப்படுவோம். இந்த இடத்தில் கூச்சமே வேண்டாம், பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள்.

டிசம்பரில் அட்மிஷன் கடிதம் வந்தது. உதவி போக நாங்கள் கட்ட வேண்டியது கால்குலேட்டர் காட்டிய தொகையை ஒட்டியே இருந்தது.