மேளம் கேட்க வீரவநல்லூர் பக்கம்

எழும்பூரில் ராத்திரி ஏறிய நெல்லை எக்ஸ்பிரஸ் காலையில் ஜங்ஷனில் இறக்கிவிட்டது. அங்கிருந்து செங்கோட்டை பாசஞ்சர். சொந்தத்தில் கல்யாணமோ காதுகுத்தோ கிடையாது. ஒரு நையாண்டி மேளம் செட்டைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அத்தை வாக்கப்பட்ட ஊரில் சுடலைமாடன் சாமிக்குக் கொடை, அதாவது கோயில் திருவிழா. "ஒன் செட்டுதாம்ல வருது" என்று அவள் போனில் சொன்னதுமே டிக்கெட் போட்டுவிட்டேன்.

சேரன்மகாதேவி தாண்டினால் காருகுறிச்சி. ரயில் அங்கே நிற்கும் அந்த நிமிஷத்தில் எனக்கு அருணாசலம் ஞாபகம் வராமல் இருக்காது. ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், 1962இல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் ஜானகி குரலுக்கு ஈடு கொடுத்து நாயனம், அதாவது நாதஸ்வரம், வாசித்தவர். 1964இலேயே போய்விட்டார். இந்தப் பக்கத்துக் காதுகளுக்கு நாயனம் என்றால் ஒரு அளவுகோல் உண்டு, அதை வைத்துப் போனவர் அவர்தான். கோயில் கொடைக்கு வாசிக்கும் செட்டையும் ஜனங்கள் அந்தக் காதோடுதான் கேட்பார்கள்.

வீரவநல்லூரில் இறங்கி, கன்னடியன் கால்வாய் ஓரமாக ஆட்டோவில் போனால் அத்தை வீடு. பகலைத் தூங்கிக் கழித்தேன்.

செட்டு சாயங்காலம் வேனில் வந்தது. நாயனம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, உறுமி, தாளம். நான் இவர்களை முதலில் கேட்டது எட்டாவது படிக்கும்போது, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு. இப்போது இரண்டாவது தவில் வாசிக்கிற பையன் அன்று பிறந்தே இருக்க மாட்டான். மூத்த தவில்காரர் மட்டும் அதே ஆள். விரல்களில் ஒவ்வொன்றாகக் கூடு மாட்டிக்கொண்டிருந்தார். துணியைப் பசையில் நனைத்துச் சுற்றிக் காயவைத்த கூடு, கல் மாதிரி இருக்கும். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"மெட்ராஸ்லருந்தா வாரிய, தம்பி?"

"ஆமா அண்ணாச்சி, ஒங்களக் கேக்கத்தான்."

"அப்பம் பக்கத்துல நில்லுங்க. தள்ளி நின்னா பாதிதான் கேக்கும்."

அவர் சொன்னது அப்படியே உண்மை. ஐந்தடி தூரத்தில் நின்றால்தான் தவிலின் அடி நெஞ்சுக்கூட்டில் விழும். உறுமியில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது வரும் அந்த முனகல் போன் மைக்கில் ஏறவே ஏறாது. எத்தனையோ தடவை பதிவு செய்து பார்த்துவிட்டேன், வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

பத்து மணிக்குக் கரகாட்டம். ஜனம் சிரித்துக் கிடந்தது. எனக்கு வேண்டியது அதற்கப்புறம்.

சாமக்கொடை, நடுராத்திரிப் பூசை. டியூப்லைட்டை அணைத்துவிட்டார்கள், பீடத்துக்கு முன்னால் பந்தம் மட்டும். மணி தைத்த அரைக்கால் சல்லடம் கட்டி, குல்லா வைத்து, சாமியாடி கைகூப்பி நிற்கிறார். வயசானவர், அசைவே இல்லை. மேளம் மெதுவாக ஒரே நடையில் போகிறது. இந்த இடத்தில் சில செட்டுகள் எடுத்த எடுப்பிலேயே அடித்து நொறுக்குவார்கள். அண்ணாச்சி அதைச் செய்ய மாட்டார். தவிலைப் பார்ப்பதே இல்லை, கண் முழுக்க சாமியாடியின் வலது கால் பெருவிரலில். அந்த விரல் மண்ணில் ஒரு தடவை ஊன்றியது. அவ்வளவுதான், நடை மாறிவிட்டது. பம்பை உள்ளே புகுந்தது, நாயனம் இரண்டும் மேலே ஏறின, சல்லடத்து மணி அத்தனையும் ஒன்றாகக் குலுங்கியது. பக்கத்தில் ஒரு ஆச்சி "வந்துட்டாம்யா எஞ்சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் துடைக்கவில்லை.

மேளம் சாமியைக் கொண்டுவருகிறதா, சாமி மேளத்தை நடத்துகிறதா, இத்தனை வருஷம் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அந்தப் பெருவிரலைக் கவனிக்கும் கண் இருக்கிறதே, அதற்காகத்தான் இந்தச் செட்டு.

சாமி பந்தத்தோடு மயானத்துக்கு வேட்டைக்குக் கிளம்பியது. திரும்பி வரும் வரைக்கும் மேளம் நிற்கவில்லை.

விடியும்போது அத்தை கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். அண்ணாச்சி கூடுகளைக் கழற்றி ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. தம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அடுத்தது எங்க, அண்ணாச்சி?"

"வைகாசி கடேசி செவ்வா, முக்கூடல் பக்கம். வந்துருவியளா?"

கோயில் திண்ணையில் உட்கார்ந்தபடியே டிக்கெட் போட்டேன்.