நிறம் தாளிலேயே தங்கிவிட்டது

படத்தைத் தாளில் அடித்து, அதைச் சூட்டால் காபி மக்குகளுக்கு மாற்றும் வேலையைத் தொடங்கியிருந்தேன். முதல் மூன்று மக்குகளும் வெளுத்துத்தான் வந்தன. சிவப்புப் பூ, பலமுறை துவைத்த சட்டையின் நிறத்தில் இருந்தது. கருப்பு எழுத்துகள் சாம்பலாகத் தெரிந்தன. தாளில் அடித்தபோது மங்கலாக இருந்ததைப் பற்றி நான் கவலைப்படவில்லை. இதற்குப் பயன்படும் சப்ளிமேஷன் இங்க் சூடு பட்ட பிறகுதான் தன் நிறத்தைக் காட்டும். ஆனால் சூடு பட்ட பிறகும் இப்படியா?

சந்தேகம் முதலில் இங்க் மேல் போனது. பிரிண்டரின் இங்க் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் நாசில் செக் அடித்துப் பார்த்தேன், ஒரு கோடுகூட விடுபடவில்லை. அப்புறம் நான் செய்தது முட்டாள்தனம். படத்தைத் திறந்து, நிறங்களை எல்லாம் தூக்கலாக்கி மறுபடி அடித்தேன். நாலாவது மக்கில் பூ கொஞ்சம் சிவந்தது. பக்கத்தில் இருந்த குழந்தையின் முகம் ஆரஞ்சு நிறமாகிவிட்டது.

வழி காட்டியது குப்பைத்தொட்டியில் கிடந்த தாள்தான். மக்கிலிருந்து உரித்தெடுத்த அந்தத் தாளில் படம் கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. நிறம் ஒழுங்காக ஏறியிருந்தால் அதில் வெளிறிய நிழல் மட்டுமே மிஞ்சியிருக்க வேண்டும். இந்தச் சாயம் உருகி ஒட்டுவதில்லை. சூட்டில் நேரே ஆவியாகி, மக்கின் மேல் இருக்கும் பாலியஸ்டர் பூச்சுக்குள் புகுகிறது. என் சாயம் தாளை விட்டுக் கிளம்பவே இல்லை. தாளும் வெளுத்து மக்கும் வெளுத்திருந்தால் அது வேறு கதை: பூச்சு சரியில்லாத மக்காக இருக்கலாம், அல்லது தாளில் விழுந்த இங்க்கே குறைவாக இருந்திருக்கலாம்.

மக்கைச் சூடாக்கும் மெஷினில் 180 டிகிரி செல்சியஸ், 180 விநாடி என்றுதான் வைத்திருந்தேன். அடுத்த முறை பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தேன். குளிர்ந்த மக்கை உள்ளே வைத்ததும் எண் சரசரவென்று இறங்கியது. அது திரும்ப 180-ஐத் தொடுவதற்குள் டைமர் பாதி ஓடிவிட்டது! சரி, சூடு மேலே ஏறி நின்ற பிறகே டைமரைத் தட்டுவது என்று மாற்றினேன். ஐந்தாவது மக்கின் நடுப்பகுதி பளிச்சென்று வந்தது.

கைப்பிடி ஓரம் மட்டும் இன்னும் வெளிறியே இருந்தது. அந்த இடத்தில், மக்கைச் சுற்றி அணைக்கும் ஹீட்டர் விரிப்பு சரியாகப் படிவதில்லை; போதாக்குறைக்கு என் தாளும் தொளதொளவென்று இருந்தது. வெப்பம் தாங்கும் டேப்பால் தாளை இழுத்து ஒட்டி, மெஷின் மக்கைப் பிடிக்கும் பிடியையும் சற்று இறுக்கினேன். படத்தின் ஓரத்தைக் கைப்பிடியிலிருந்து கொஞ்சம் தள்ளியும் வைத்தேன்.

நன்றாக வருகிறதே என்று ஆசைப்பட்டு ஒரு மக்கை 300 விநாடி வைத்தேன். கருப்பு பழுப்படித்து, எழுத்தின் ஓரங்கள் கலங்கிவிட்டன. பழையபடி 180 விநாடிக்கே திரும்பினேன்.

மிச்சமிருந்தது சிவப்பு. அது செங்கல் நிறத்தில் வந்ததற்குக் காரணம் கணினியில் இருந்தது. டிசைன் மென்பொருளும் பிரிண்டர் டிரைவரும் ஆளுக்கொரு முறை நிறத்தைத் திருத்திக்கொண்டிருந்தன. டிரைவரின் நிறத் திருத்தத்தை அணைத்துவிட்டு, இங்க்கோடு கொடுத்த ஐசிசி புரொஃபைலை (அந்த இங்க்குக்கு ஏற்ப நிறத்தைத் திருத்தும் கோப்பை) டிசைன் மென்பொருளில் மட்டும் போட்டேன். தூக்கலாக்காத பழைய படத்தையே எடுத்து அடித்தேன். பூ சிவப்பாகவே வந்தது, குழந்தையின் முகமும் தப்பித்தது. திரையில் தெரிகிற அந்த ஒளிர்வு மட்டும் வரவில்லை. அது மக்கில் வராது.